கலப்பும் கடனும்

கலப்பு தன்னைக் கலப்பு என்று அறிவித்துக்கொள்ளும்போது என்ன நேர்கிறது? சிங்கப்பூர் ஆற்றங்கரையில், கிளார்க் கீ பகுதியில், ஓர் 'ஆசிய ஃப்யூஷன்' உணவகத்தில் சாப்பிட்டதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரே கிண்ணத்தில் சோறு, மிஸோ பூசிச் சுட்ட மீன், கிம்ச்சி, தாய்லாந்துக் கறி, மேலே பொரித்த கறிவேப்பிலை. ருசியாகவே இருந்தது. பிரச்னையே அதுதான். ருசி இல்லையென்றால் விஷயம் பரிகாசத்தோடு முடிந்திருக்கும்.

தூய்மைவாதியின் ஆட்சேபணை எனக்கு உதவாது. கிம்ச்சியின் சிவப்பும் தாய்லாந்துக் கறியின் காரமும் நம் குழம்பின் உறைப்பும் அமெரிக்கக் கண்டத்து மிளகாய் தந்தவை. 1492-க்கு முன் ஆசியாவில் எந்த நாக்கும் அதை அறியாது. கலப்பில்லாத சமையல் ஒரு கற்பனை. ஆனால் 'ஃப்யூஷன்' என்ற பெயர், இதற்கு முன் எல்லாம் தனித்தனியாக, சுத்தமாக இருந்தன என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

அதே ஊரில் இந்தப் பெயர் சூட்டிக்கொள்ளாத கலப்புகள் உண்டு. மீ கோரெங்: சீனருடைய மஞ்சள் நூடுல்ஸ், தமிழ் முஸ்லிம் கடைக்காரரின் மசாலா, மலாய் வழக்கில் ஒரு பெயர். மீன் தலைக் கறியை 1949-இல் தொடங்கிவைத்தவர் மலையாளியான எம். ஜே. கோமஸ் என்கிறார்கள், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளருக்காக. இங்கே சமைப்பவன் எதிரில் ஒரு மனிதன் இருந்தான். மொழி புரியாவிட்டாலும் அவன் பசி புரிந்தது. அவனுக்காகத் தன் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒழுக்கம் என்று நான் சொல்வது இந்த விட்டுக்கொடுத்தலை. வியாபாரமும் அதில் இருந்தது என்பதால் அது குறைந்துவிடாது.

என் கிண்ணத்தில் எவரும் எவருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வியப்படைய விரும்பும் யாரோ ஒருவருக்காக நான்கு நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சமைத்தவர் யார் என்று அறியவும் வழியில்லை.

இதற்காகப் பழைய ஆற்றை நினைத்து உருகுவதும் பொய். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே சரக்குத் தோணி ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள் முக்கியமானவர்கள், பிறகு சீனர்கள். முதுகை ஒடிக்கும் வேலை. ஆறும் நாறியது. 1977-இல் தொடங்கிய சுத்திகரிப்பு 1987-இல் முடிந்தது. இடையில், 1983-இல், தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தெருவோரச் சமையற்காரர்கள் குழாய்நீர் உள்ள கூடங்களுக்குப் போனார்கள். 1993-இல் கிளார்க் கீ கிடங்குகள் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தன. சுத்தமான நீர் நல்லதுதான். ஆனால் வாசனைக்குப் போட்டுவிட்டு ஒதுக்கிய கறிவேப்பிலையாக யார் யார் ஆனார்கள் என்பதும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

குற்றவுணர்வு இங்கே மலிவான சரக்கு. அது என்னையே மையத்தில் உட்கார்த்துகிறது. சாப்பிட்டபின் அதுவும் ஒரு சுகம். கடன் அப்படியல்ல. கடனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பெயர் வேண்டும். மீன் தலைக் கறிக்கு ஒரு மனிதர் இருக்கிறார். மீ கோரெங்குக்கு ஒரு சமூகமாவது இருக்கிறது. 'ஃப்யூஷன்' அந்த இடத்தில் 'ஆசியா' என்று எழுதிவிடுகிறது. ஒரு கண்டத்துக்கு எவரும் கடன்பட முடியாது.

சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை, மறுபடியும் சாப்பிடுவேன். யாருக்குக் கடன் என்று விசாரிப்பதும் ருசியின் ஒரு பகுதி என்றே எனக்குப் படுகிறது. அந்த வேலையை நாக்கு செய்யாது.