கொக்கு பறக்கத் தொடங்கும் தூரம்

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் சேற்றுழவு நடக்கும் நாட்களில் டிராக்டருக்கு நாலடி பின்னால் உண்ணிக்கொக்குகள் நடந்து வரும். புரளும் சேற்றிலிருந்து கிளம்பும் பூச்சியும் தவளையும் அவற்றுக்குத் தீனி. அத்தனை இரைச்சல், புகை, ஆனாலும் ஒன்றுகூடப் பறக்காது. வரப்பில் நான் காமிராவோடு சத்தமே இல்லாமல் குத்தவைத்தால் ஐம்பதடியிலேயே எழும்பிவிடும். காரணத்தை டிராக்டர் ஓட்டும் பெரியவர் ஒரு வரியில் சொன்னார்: "நீங்க அதையே பாத்துனு இருக்கீங்க தம்பி, அதான்."

எங்கள் தொழிலில் ஹைசன்பக் என்று ஒரு வகைப் பிழை உண்டு. டீபக்கர் போட்டுப் பார்க்கப் போனால் காணாமல் போகும். கொக்கும் அந்த ஜாதிதான்.

விலங்கு தப்பியோடத் தொடங்கும் தூரத்தை உயிரியலாளர்கள் அளக்கிறார்கள். பக்கவாட்டில் கடந்து போகிறவனைவிட நேராக நெருங்கி வருகிறவனைக் கண்டு பறவை பொதுவாகச் சீக்கிரமே விலகும். என் மனசில் இருப்பது பிரியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அசையாமல் நிற்பது, குனிவது, ஒன்றையே வெறிப்பது. இதெல்லாம் வேட்டையின் உடல்மொழி. மீனுக்கு முன்னால் தானே அப்படி நிற்கும் கொக்குக்கு அது புரியாமல் போகுமா?

எழும்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். வயலில் ஒரு தவளை குறையும். கூட்டில் அப்படியில்லை. தாய் எழுந்த நேரத்தில் குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் தேடிப் போவதும் அந்தக் காலத்தைத்தான். சின்னக்கொக்கின் முதுகில் சரிகை மாதிரி இறகு தொங்குவது இனப்பெருக்கக் காலத்தில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிக்காகக் கொக்குகளைச் சுட்டதும் அதே இறகுக்காக, அதே கூடுகளில். தாய் செத்தால் குஞ்சுகள் பட்டினியில் போகும். எதிர்ப்பு வலுத்து, 1902-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. துப்பாக்கி போய்க் காமிரா வந்தது என்று இந்தக் கதையை மகிழ்ச்சியாக முடிப்பார்கள். பாதி சரி. ஆனால் பருவமும் இடமும் ஆசையும் மாறவில்லை.

மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலை யோசியுங்கள் (பெயரிலேயே வேடன் இருக்கிறான்). சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம். சுயநலம்தான். ஆனால் கொக்குக்குக் கிடைத்ததோ நிம்மதி. ரசனையால் வரும் அன்பு உசத்தி, பலனுக்காகக் காப்பது மட்டம் என்று நாம் வைத்திருக்கும் வரிசை கொக்கின் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ்.

கூரத்திலும் இது பழைய உறவாகத்தான் இருக்க வேண்டும். பாலாற்றிலிருந்து ஏரிக்குக் கால்வாய் வெட்டிய செய்தி ஏழாம் நூற்றாண்டுக் கூரம் செப்பேட்டிலேயே இருக்கிறது. தண்ணியும் நெல்லும் அவ்வளவு பழசென்றால், தன்னைக் கவனிக்காத மனிதனின் முதுகுக்குப் பின்னால் கொக்கு மேய்ந்ததும் அவ்வளவு பழசாக இருக்கலாம்.

அதற்காகக் கவனிக்காமல் இருப்பதே அறம் என்று சொல்ல என்னால் முடியாது. பூச்சிமருந்து அடித்த வயலில் செத்துக் கிடக்கும் கொக்கையும் கவனிக்காத கண்கள்தானே கடந்து போகின்றன? போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை என்று எண்ண யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பார்வைக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பது நானில்லை என்பதுதான் உறுத்துகிறது.

அதனால் கொக்கின் கழுத்தைக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அந்தத் தூரம் போதும், காமிராவை இறக்கிவிடுவேன். கூடு பக்கம் போவதில்லை. வெள்ளை வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பேன். இறகின் நெளிவெல்லாம் அந்தத் தூரத்தில் விழாது. படத்தை அனுப்பினால் நண்பர்கள் ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கடா கொக்கு?" என்கிறார்கள்.