அர்த்தஜாமம் சொல்லும் பாடம்

சிவாலயத்தில் அர்த்தஜாம பூஜையைத் தரிசித்திருப்பீர்கள். பள்ளியறையில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் பால் நிவேதனம்; பிறகு நடை சாத்தப்படும்.

நம் வீட்டில்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நீங்கள் மட்டும் இரவு 10.30 மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறீர்கள். தூக்கம் எப்படி வரும், சகோதரிகளே?

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் சூட்சுமத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை வெளிச்சத்தைக் கொண்டு நேரம் அறிகிறது. கல்லீரலோ உணவு வரும் வேளையைக் கொண்டு அறிகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும்போது இன்சுலின் மட்டுப்படும். அப்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், நெஞ்சு எரியும், உறக்கம் கலையும்.

கடைசியில் சாப்பிடுவதுதான் தர்மம் என்று எண்ணாதீர்கள். அம்பாளை யாராவது நிவேதனத்துக்குக் காக்க வைப்போமா? உங்களுக்குள் இருப்பவளும் அவளே! விளக்கேற்றி, பூஜை முடித்து, 8 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.