பசிப்பது யார்க்கு?

சேர்வராயன் மலைமேல் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்தினின்றும் மலையேறி, உச்சிக் குகையிற் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வழிபட்டு மீள்வார்க்குப் பசி மிகுதல் இயல்பு. அவருள் ஒருவர் 'வயிறு பசிக்கின்றது' என்பர். மற்றொருவர் 'எனக்குப் பசிக்கின்றது' என்பர். பசியுடையது உடம்போ, உயிரோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

உடலியலார் கூறுவது வருமாறு: 1994-இல் பிரீட்மன் குழுவினர் கண்ட லெப்டின் என்னும் பொருள் உடற்கொழுப்பிற் சுரந்து, குருதிவழியே மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமசை அடைந்து, சேமிப்பின் அளவை அறிவிக்கும். 1999-இல் ஜப்பானிய அறிஞர் கொஜிமா, கங்காவா முதலியோர் இரைப்பையிற் கண்ட கிரெலின், உண்ணும் வேளைக்கு முன் மிகுந்து பசியை எழுப்பும். உடல் மெலியின் லெப்டின் குறையும், பசி பெருகும், உடம்பு செலவிடும் ஆற்றலும் சுருங்கும். இவ்வாறு உடம்பு தன் எடையைத் தானே காக்க முயலும்.

இனி, சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரம், துயிலிற் பிராணவாயு இயங்கியும் நுகர்ச்சியும் தொழிலும் நிகழாமையின் உயிர் அதனின் வேறு என ஏதுக் காட்டும். அற்றேல், துயிலிற் பசி எழாமைக்கு இரவில் லெப்டின் மிகுதலே அமையும். உயிரென ஒன்று வேண்டா எனின், அஃது ஒவ்வாது. உண்ணாது படுத்தவனும் ஆழ்ந்த துயிலிற் பசியை அறியான்; விழித்தவுடன் அறிவான். பசியின் காரணம் உடம்பில் இருந்தும் நுகர்ச்சி இல்லாமையே சூத்திரத்தின் கருத்தாகும். உறக்கத்தில் மூளையின் நிலையும் வேறுபடும் என்பரேல், மூளையும் கருவியே. அச்சூத்திரமே உடம்பினை மாயையின் இயந்திரம் என்றது. எண்ணெயும் திரியும் ஆராயப்பட்டமையால் விளக்கொளியிற் காண்பான் இல்லையாகான். உயிர் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது என்கிலேம். மறுக்கப்பட்டிலது என்பதே எம் துணிபு.

இவ்வாராய்ச்சியாற் பெறும் ஒழுக்கப் பயன் ஒன்றுண்டு. லெப்டின் பிறவியிலேயே சுரவாத இரு சிறாரைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர் 1997-இல் அறிவித்தனர். அவருள் எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. பின்னர் லெப்டின் செலுத்தப்படவே, அவள் பசி தணிந்தது, எடையும் குறைந்தது. அச்சிறுமியைப் பேருண்டிப் பிள்ளை என இகழ்ந்திருப்பின் அப்பழி யாரைச் சாரும்? தனுகரணங்கள் வினைக்கீடாக அமைவன என்னும் நம் கொள்கை பிறர் துன்பத்தைப் புறக்கணித்தற்குக் கூறப்பட்டதன்று. பருவுடல் கண்டு ஒருவரை அடக்கமிலார் எனல் தவறு. நோன்பு எளிதின் முடியப்பெற்றார் அதனைத் தம் தவவலியெனச் செருக்குதலும் தவறே. அவர் இயந்திரம் அவரை அத்துணை நெருக்காது விட்டிருத்தல் கூடும். நோன்பின் அளவு மெலிவன்று. கருவியை அடக்கிய உள்ளம் எதனை நாடியது என்பதே.

தம் பசியை ஒருவர் நேரே அறிவர். பிறர் பசியைக் கருதியே அறிவர். இளையான்குடி மாறனார், மழை பொழியும் நள்ளிரவில் விதைத்த நெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கினார். வந்தவர் உடம்பு பருத்ததோ மெலிந்ததோ என நோக்கினாரல்லர். பசி உடம்பின்கண் எழினும் அதனால் வருந்துவது உயிர் என்று தெளிந்தார்க்கு அன்னம் பாலித்தல் உயிர்க்குச் செய்யும் தொண்டும், அவ்வுயிர்க்குயிராய் நின்ற சிவத்துக்குச் செய்யும் வழிபாடும் ஆம்.

சிவம்.