ஒண்ணுமில்லண்ணா

பாலக்காட்டில் அறுப்பு முடிந்த வயல்கள் சும்மா கிடப்பதில்லை. மார்கழி பிறக்கும் முன்பே மூங்கிலும் கவுங்கும் நட்டு கேலரி எழும்பிவிடும். சுற்றிலும் விளக்குக் கம்பங்கள், கோட்டை ஒட்டிக் கூட்டம், நடுவே பக்கத்துக்கு ஏழு பேராக செவன்ஸ் பந்தாட்டம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் இதில்தான் கால் பழகுகிறார்கள். இடுக்கி மலையில் மூணாறின் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு ஃபின்லே ஷீல்டு என்ற போட்டி உண்டு. லயத்து வீடுகளிலிருந்து வந்து ஆடும் தொழிலாளர்களுக்கு அது திருவிழா மாதிரி. எல்லையோரத் தமிழர்களாகிய எங்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் உள்ள பிரியம் சொல்லி முடியாது. இதை எழுதுவதும் அந்தப் பிரியத்தால்தான்.

ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் பார்த்தது. கார்னர் பந்துக்கு இரண்டு பேர் எகிறினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் கேலரியின் மூன்றாம் வரிசை வரை கேட்டது. ஒருவன் உடனே எழுந்துவிட்டான். மற்றவன் குப்புறக் கிடந்தான். ஓடி வந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், பிடரியில் ஐஸ் வைத்தார்கள். “எப்படிடா இருக்கு?” “ஒண்ணுமில்லண்ணா.” கூட்டம் கைதட்டியது, அவன் ஆடப் போனான். கொஞ்ச நேரம் கழித்து ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவன், இரண்டு நுனிகளையும் கையில் பிடித்தபடி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் ஸ்கோர் கேட்டான். சற்று நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டான்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. பொறி கலங்கி நிற்பவனிடம் நலம் விசாரித்தால், பதில் சொல்ல வேண்டியது அந்தக் கலங்கிய மூளையேதான். கால் முறிந்தால் மூளை வலியைச் சொல்லும். மூளைக்கே அடிபட்டால் அதைச் சொல்ல உள்ளே வேறு ஆள் கிடையாது.

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. மண்டையோட்டுக்குள் நீர் சூழ மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது மூளை அதே நொடியில் நிற்பதில்லை. அதன் பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் முறுக்கிக்கொள்ள, நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட அந்தச் செல்களுக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்தமும் குறைந்திருக்கும். இந்த நெருக்கடி நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். எலும்பு உடையவில்லை, ரத்தம் கசியவில்லை என்பதால் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதும் இல்லை. தலைவலி, வெளிச்சம் கூசுவது, குமட்டல், தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல் என்று மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். அதற்குள் இன்னோர் அடி விழுந்தால், முதல் அடியைவிட அது மோசமாகத் தாக்கக்கூடும்.

எழுந்து நடந்துவிட்டால் ஆபத்து தாண்டிவிட்டது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ராமன் லாம்பாவின் நெற்றிப்பொட்டில் பந்து பட்டது. அவரும் எழுந்து நடந்தேதான் வெளியேறினார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அது மூளையில் ரத்தம் கசிந்து வந்த மரணம், நான் பேசும் மூளை அதிர்ச்சியைவிடப் பல மடங்கு கொடியது. ஆனால் முதல் சில நிமிடங்களில் இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு நாள் அடியின் கதை இது. பல ஆண்டு அடியின் கதை இதைவிட அமைதியாக நடக்கிறது. குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறும் பேச்சையும் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதினார். குத்து வாங்குவதே தொழிலாக இருப்பவர்களின் தலைவிதி என்று உலகம் அதை ஒதுக்கி வைத்தது. 2002ல், ஐம்பது வயதில் இறந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்தார். டாவ் என்ற புரதம் அதில் முறுக்கிப் படிந்திருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்ல் 59 வயதில் இறந்தார். தலையால் கோல் அடிப்பதில் பேர் வாங்கியவர். அவருடையது தொழில் தந்த நோய் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். யாரும் அவரைக் குத்தவில்லை. பந்தைத் தலையால் முட்டிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து கால்பந்து வீரர்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். மூளை நரம்புகள் சிதையும் நோய்களால் இவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2021ல் அதே ஆய்வாளர்கள் ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. பந்தைத் தலையால் முட்டத் தேவையில்லாத கோல்கீப்பர்களிடம் தெளிவான கூடுதல் ஆபத்து தெரியவில்லை. நான் அதிகம் யோசித்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். ஒரே மைதானம், ஒரே ஆட்டம், ஒரே காலம். பந்து தலையில் பட்ட கணக்கு வேறு. ஒருமுறை விழுந்த பெரிய அடி மட்டும் கணக்கில்லை. பயிற்சியில் ஆயிரக்கணக்கில் விழுந்த, யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

ஆட்டம் ஆடுகிற எல்லோருக்கும் இது வந்துவிடும் என்பதில்லை. அதே கிளாஸ்கோ ஆய்வில் இதய நோயாலும் நுரையீரல் புற்றாலும் இறப்பது வீரர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆட்டம் உடம்புக்கு நல்லது செய்கிறது. பந்தைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்து வயதுப் பிள்ளைகளை ஹெட்டர் பழகச் சொல்லி வரிசையில் நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அமெரிக்காவில் 2015லேயே அந்த வயதுக்கு அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் விழுந்தவர்களை இந்த மண் கைவிட்டதில்லை. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு ஆடிய பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன் 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடும்போது நெஞ்சுவலியோடு சரிந்து இறந்தார். அடுத்த மாதம் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட பாலக்காடு நூரணி மைதானத்தில் காட்சி ஆட்டம் வைத்தார்கள். பைச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். கூட்டம் தாங்காமல் கேலரி சரிந்து ஏராளமானோர் காயப்பட்டார்கள். அவ்வளவு பேர் ஓடி வந்தார்கள். விழாமல் நின்று, இருபது வருடம் கழித்துத் தன் தெருப் பெயரை மறக்கப்போகிறவனுக்குக் கூட்டம் கூடாது. அவன் எந்த இரவில் காயப்பட்டான் என்று யாருக்கும் தெரியாது. வெப்ஸ்டரின் மூளையில் கண்ட அந்த நோயை உயிரோடு இருக்கும்வரை உறுதியாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் இன்னிங்ஸ் முடியும்வரை ஆடினார். இடைவேளையில், தலையில் அடிபட்டவனுக்கு மாற்று ஆள் தரும் விதிப்படி, அவருக்குப் பதில் சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகும் நன்றாக ஆடினாரே, இது தந்திரம் என்று பலரும் பேசினார்கள். நன்றாக ஆடுவது எதற்கும் அத்தாட்சி ஆகாது. முடிவெடுக்கும் பொறுப்பை ஆட்டக்காரனிடமிருந்து மருத்துவரிடம் மாற்றியதுதான் அந்த விதியின் சாரம். 2024லிருந்து கால்பந்து விதிகளிலும் தலையில் அடிபட்டவனுக்குக் கூடுதல் மாற்று ஆளை அனுமதிக்கும் வழி இருக்கிறது.

நம் வீடுகளில் இந்த அறிவு ஏற்கெனவே உண்டு. பிள்ளை மண்டையை முட்டிக்கொண்டு வந்தால் அம்மா அவனிடம் “வலிக்குதா?” என்று கேட்டதோடு விடமாட்டாள். வாந்தி எடுத்தானா, கண்ணு சொருகுதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்ல் மாறிக்கொண்டு வந்ததையும் அவர் குடும்பம்தான் கண்டது. ஒருவன் தான் மாறுவதைத் தானே அறியமாட்டான், கூடச் சாப்பிடுகிறவர்கள் அறிவார்கள். நாம் யார் என்ற கணக்கில் ஒரு பகுதி எப்போதும் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே செவன்ஸ் கமிட்டிக்காரர்களும் எஸ்டேட் அணி மேனேஜர்களும் மறுநாள் காலை போன் செய்ய வேண்டியது அந்தப் பையனின் வீட்டாருக்கு. தூங்கினானா, வெளிச்சம் கூசுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா என்று கேளுங்கள். மண்டை மோதி விழுந்தவன் அன்றைக்கே மறுபடி இறங்கக் கூடாது. பிறகு டாக்டர் சரி என்று சொல்லும்வரை அணியில் அவன் பெயர் இருக்கக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி ஆடுகிற பையன் “ஒண்ணுமில்லண்ணா” என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் அந்தப் பணம். உட்கார்ந்திருக்கும் நாள்களுக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள்.