ஆறு வசன இடைவெளி

ஞாயிறு ஆராதனையும் மட்டன் குழம்புச் சாப்பாடும் முடிந்தபின் பாளையங்கோட்டையில் என் பெரியம்மா வீட்டு டிவியில் ஏதாவது ஒரு படம் ஓடும். ரிமோட் பெரியம்மா கையில்தான். நாயகனும் நாயகியும் மழையில் நனையத் தொடங்கினால் சேனல் மாறும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அது முடிகிற இடத்தில் மறுபடி படத்துக்கு வந்துவிடுவார். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. வில்லனின் கையை நாயகன் முறிக்கும்போது அந்த ரிமோட் அசைந்து நான் பார்த்ததும் இல்லை.

நான் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் வரை போய், பிறகு சத்தமில்லாமல் விலகிக்கொண்டவன். "படம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு கிறிஸ்தவனா..." என்று உறவுக்காரர்கள் இழுக்கும்போது, அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வரப்போவது எனக்கு மனப்பாடம். முத்தம், கெட்ட வார்த்தை, பாதிரியாரைக் கோமாளியாகக் காட்டியது. ஒரு தட்டில் பொழுதுபோக்கு, மறுதட்டில் விசுவாசம் என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். நிறுக்கட்டும். ஆனால் "பழிவாங்குற படம், ரசிச்சுட்டு வந்தது உறுத்துச்சு" என்று ஒரு கிறிஸ்தவராவது இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மலைப்பிரசங்கம். ஒரு பெண்ணை இச்சையோடு பார்த்தாலே விபசாரம் செய்தாயிற்று என்கிறது 28ஆம் வசனம். சபைகள் சினிமாவுக்குப் போட்ட வேலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வசனத்தின் மேல் நிற்பவை. அதற்கு ஆறு வசனம் முன்னால், 22இல், காரணமின்றிச் சகோதரன்மேல் கோபம் கொள்கிறவனும் கொலைகாரனுக்குரிய அதே நியாயத்தீர்ப்புக்கு ஆளாவான் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே போனால், 39இல், மறுகன்னம். எல்லாம் ஒரே வாயிலிருந்து, ஒரே மலைமேல் வந்தவை. பார்வையிலேயே பாவம் நடந்துவிடும் என்றால், வில்லன் எப்போது சாவான் என்று சீட்டு நுனியில் உட்கார்ந்து பார்க்கிறதும் அதே கண்தானே? அங்கே மட்டும் ஏன் விசில்?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 1930களில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 'லீஜியன் ஆஃப் டீசன்சி' என்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, ஆபாசப் படங்களைப் பார்க்கமாட்டோம் என்று கோயிலில் மக்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டார்கள். சி என்றால் கண்டிக்கப்பட்டது. இமயமலைச் சாரலில் சில கன்னியாஸ்திரிகளின் மனத்தடுமாற்றத்தைச் சொன்ன 'பிளாக் நார்சிஸஸ்' (1947) அந்தப் பட்டியலில் விழுந்தது. அதே காலத்தில் துப்பாக்கியால் நீதி வழங்கிய குதிரை வீரர்களின் படங்கள் எத்தனையோ வந்தன. கன்னத்தைக் காட்டாமல் தோட்டாவைக் காட்டியதற்காக அவற்றில் ஒன்றுக்காவது சி விழுந்ததாக நான் படித்ததில்லை.

2004இல் மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' வந்தது. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழிருப்பவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாத 'ஆர்' சான்றிதழ். அப்படிப்பட்ட படங்கள் பக்கமே போகாதே என்று வழக்கமாகப் போதிக்கும் சபைகள் காட்சி காட்சியாக டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கின. அந்த நாட்டில் மட்டும் 37 கோடி டாலர் வசூல். சுவிசேஷங்கள் சாட்டையடியை ஒரு வரிக்குள் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. படம் அதைச் சதை பிய்ந்து தெறிக்கும்வரை நிமிடக்கணக்கில் காட்டுகிறது. தான் பார்த்ததிலேயே வன்முறை மிகுந்த படம் இதுதான் என்று எழுதிய விமர்சகர் ராஜர் ஈபர்ட், அதற்கு நான்கு நட்சத்திரமும் கொடுத்தார்.

அடிபடுகிறவனுக்காக அழுவது வேறு, அடியை ரசிப்பது வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு காகம் வருகிறது. சிலுவையிலிருந்து இயேசு எல்லோருக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறார். சற்று நேரத்தில் ஒரு காகம் பறந்துவந்து, அவரைப் பரிகசித்த கள்ளனின் கண்ணைக் கொத்துகிறது. எந்தச் சுவிசேஷத்திலும் இல்லாத காட்சி. மன்னிப்போடு முடித்தால் பார்வையாளனுக்கு நிறைவு வராது என்று ஒரு கைதேர்ந்த சினிமாக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கணித்தது சரி. சபையார் ஒரு வேன் பிடித்து இந்தப் படத்துக்குப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். சாட்டையடி முழுவதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்த பெரியம்மா, காகம் கொத்தியதும் "நல்லா வேணும்" என்றார். மெதுவாகத்தான்.

இரண்டு வருடம் கழித்து 'தா வின்சி கோட்' வந்தது. இயேசுவுக்குக் கல்யாணமாகியிருந்தது என்று ஒரு கற்பனை. தமிழக அரசு தடை போட்டது, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சதை பிய்ய அடிப்பதாகக் காட்டினால் குடும்பத்தோடு போகலாம், மனைவி இருந்தாள் என்றால் விசுவாசம் புண்படும்! இதைவிட மோசமாக 1988இல் பாரிஸில் நடந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு இல்லற வாழ்வின் ஆசை தோன்றுவதாகக் காட்டிய மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' ஓடிக்கொண்டிருந்த சென் மிஷேல் தியேட்டருக்குத் தீவிரக் கத்தோலிக்கர்கள் தீ வைத்தார்கள். பத்துப் பேருக்கு மேல் காயம். 28ஆம் வசனத்தைக் காப்பாற்ற 22ஆம் வசனத்தைக் கொளுத்தினார்கள்.

தராசைப் பிடிக்கும் கைக்கே நிதானம் கிடையாது என்பதற்கு இயக்குநர் பசோலினியின் கதை போதும். 1963இல் ஒரு குறும்படத்துக்காக, அரசு மதத்தை அவமதித்தார் என்று இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே, வசனங்களை மத்தேயுவிலிருந்தே எடுத்து, தன் தாயை முதிய மரியாளாக நடிக்கவைத்து, 'மத்தேயு நற்செய்தி'யைப் படமாக்கினார். வெனிஸில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு அதற்கு விருது கொடுத்தது. ஆள் மாறவில்லை, அப்போதும் கடவுளை நம்பாத மார்க்சியர்தான். சினிமா நூற்றாண்டை ஒட்டி 1995இல் வத்திக்கான் சிறந்த படங்கள் என்று 45 படங்களைப் பட்டியலிட்டபோது அதில் இந்தப் படமும் இருந்தது. இன்னொரு நாத்திகரான புனுவேலின் 'நசாரின்' இருந்தது. கூடவே 'பென் ஹர்' (1959). பென் ஹரில் எது நினைவிருக்கிறது என்று யாரையாவது கேளுங்கள். தேர்ப் பந்தயம் என்பார்கள். எதிரி குதிரைக் குளம்பில் மிதிபட்டுச் சிதைகிற இடம். கடைசியில், சிலுவையின் காலடியில், பென் ஹர் தன் பகையைக் கீழே போடுகிற இடத்தை எனக்கு ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் அதை மறந்துதான் போயிருந்தேன், இதை எழுதுவதற்காக மறுபடி பார்க்கும்வரை.

மலைப்பிரசங்கத்தைப் பற்றி நான் பார்த்த நேர்மையான காட்சி இருப்பதோ, தெய்வநிந்தனை என்று ஏசப்பட்ட 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) படத்தில். இயேசு தூரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். அவரைக் கேலி செய்யவே இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் சரியாகக் காது கேட்காமல், சொன்னது இதுவா அதுவா என்று தொடங்கி, கைகலப்பில் போய் முடிகிறது. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்ற பிரசங்கத்தில் அடிதடி! அயர்லாந்து இந்தப் படத்தை 1987 வரை தடைசெய்து வைத்திருந்தது. பிபிசி விவாதத்தில் படத்தைத் தாக்கிய எழுத்தாளர் மல்கம் மகரிஜும் ஒரு பிஷப்பும் படத்துக்குத் தாமதமாக வந்து முதல் கால் மணி நேரத்தைத் தவறவிட்டவர்கள் என்று படக்குழுவினர் பின்னாளில் சொன்னார்கள். மலைக்காட்சி வருவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான்.

பொழுதுபோக்கு வேறு, விசுவாசம் வேறு என்று இரண்டு தட்டில் வைப்பதுதான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. எதைப் பார்த்து மனம் குளிர்கிறதோ, நாம் உண்மையில் விசுவாசிப்பது அதைத்தான். திரையில் என்ன காட்டினான் என்று தணிக்கை பண்ணுகிறவர்கள், இருட்டில் தன் முகம் எப்போது மலர்ந்தது என்று பார்த்துக்கொள்வதில்லை. விசுவாசமற்ற எனக்கு இதில் ஒரு வசதி, மறுகன்னம் காட்டுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எனவே விசில் அடிக்கலாம். அடிக்கவும் செய்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோதும் ஞாயிறு மதியம், அதே டிவி. தங்கையைக் கெடுத்தவனை நாயகன் கிணற்றடியில் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தான். பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டேன்:

"பெரியம்மா, மறுகன்னத்தக் காட்டணும்னுல்லா காலைல ஐயர் பிரசங்கம் பண்ணாரு?"

கண்ணை எடுக்காமலே பதில் வந்தது: "ஏல, அது நமக்குல்லா சொன்னது. அந்த ஹீரோவுக்கா ஆண்டவர் சொன்னாரு?"

ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.