சாணியும் உவர்மண்ணும் நுரையும்

சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் வகுப்பு. அன்றைக்கு நடந்த பாட்டு என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. உடம்பு, மனம், உலகம் எல்லாம் மாயையிலிருந்து வந்தவை. மாயையும் ஒரு மலம்தான், உயிரைப் பற்றிய அழுக்குதான். ஏற்கெனவே ஆணவம் என்ற மலத்தில் ஊறிக் கிடக்கிற உயிருக்கு இறைவன் இன்னொரு மலத்தை எதற்குப் பூட்ட வேண்டும்? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இதற்குத் துணி வெளுக்கும் துறையைக் காட்டுகிறார். அழுக்குத் துணியின் மேல் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றித்தானே அழுக்கை எடுக்கிறார்கள்!

நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். உவர்மண் என்றதும் சோடியம் கார்பனேட் என்று மனசு தானாக எழுதிவிட்டது. கையைத் தூக்கினேன். "ஐயா, சாணியால அழுக்கு போகுது, சரி. அந்தச் சாணியை யாரு எடுக்கிறது?"

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கேள்வி. மணி ஏழரை ஆச்சு, அடுத்த வாரம் பார்ப்போம்."

மறுநாள் ஞாயிறு. நங்கநல்லூரில் எங்கள் தெருவில் விடிகாலை ஆறரைக்குக் காருக்கு நுரை அடிக்கிறவன் நான் ஒருவன்தான். கருநீல வேகன்-ஆர், பதினொரு வயசு. கருப்பும் கருநீலமும் வாங்கக் கூடாது என்று அப்போதே ஒருவர் சொன்னார், கேட்கவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள். அத்தனையும் அழுக்கு போட்டதல்ல, துடைத்த கை போட்டது. பெயின்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு, 40, 50 மைக்ரான் கனம்தான். அதன் மேல் மணல் துகள் கிடக்கும்போது ஈரத்துணியை வைத்து அழுத்தினால் அந்தத் துணியே உப்புக் காகிதம். நுரை வேண்டியிருப்பது அதற்காகத்தான். கை படுவதற்கு முன்னால் துகளை ஊறவைத்து, தளர்த்தி, பாதியைக் கீழே வழியவிட வேண்டும்.

இந்த நுரைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் தோட்டக் குழாயில் மாட்டுகிற நுரைத் துப்பாக்கி வாங்கினேன். படத்தில் பனிமலை மாதிரி கொட்டியது. எங்கள் வீட்டில் சோப்புத் தண்ணீர் எச்சில் ஒழுகுவதுபோல வந்தது. துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். எங்கள் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் போட்டுக் காட்டியவன், கடையில் காசு கொடுக்கும்போது மறந்துவிட்டேன்.

அடுத்தது பிரஷர் வாஷர். மகன் பெங்களூரில் இருக்கிறான். 2024 மார்ச்சில் அங்கே குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததும் மெஷினை என்னிடம் தள்ளிவிட்டான். அதில் நுரைக் குப்பியை மாட்டினால் உண்மையிலேயே பனிமலைதான். தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆனால் 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றவன் நான். அந்த மோட்டார் சத்தத்தோடு தண்ணீர் சிதறும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. மெஷின் இப்போது பரணில் இருக்கிறது.

கடைசியில் நிலைத்தது இரண்டு லிட்டர் கைப்பம்ப். செடிக்கு மருந்தடிப்பது போலத்தான், முனையில் மட்டும் ஒரு சல்லடைத் துண்டு இருக்கும். காற்றும் சோப்புத் தண்ணீரும் அங்கே கலந்து நுரையாக வரும். இருபது தடவை அழுத்தினால் ஒரு பக்கக் கதவுகளுக்குப் போதும். நுரை மட்டம்தான், பனிமலையெல்லாம் இல்லை. காருக்கு அது தெரியவா போகிறது? அடித்து முடித்ததும் மூடியைத் திருகி அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சீக்கிரம் போய்விடும்.

சோப்பில்தான் அருணந்தி திரும்ப வந்தார். துணி சோப்பை எங்கள் போர் தண்ணீரில் கரைத்தால் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக் கசடாகத் திரியும். எடுக்கப் போன பொருளே அழுக்காகி உட்கார்ந்துவிடும். துணி பவுடரில் காரம் அதிகம். பாத்திரம் தேய்க்கிற திரவம் எண்ணெயைப் பிய்ப்பதற்கென்றே செய்தது. காரின் மெழுகும் அதற்கு எண்ணெய்தான், வாராவாரம் போட்டால் பளபளப்பு போய்விடும். அமிலமும் காரமும் இல்லாத, பி.எச். ஏழை ஒட்டிய கார் ஷாம்புதான் சரி. லிட்டருக்கு 30 மில்லி போடுகிறேன். ஆரம்பத்தில் 100 மில்லி ஊற்றினேன், அதிகம் போட்டால் அதிகம் சுத்தம் என்ற எண்ணம். கண்ணாடி ஓரத்திலும் கதவு இடுக்கிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, அடுத்த நாளே புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைத்தது.

ஒரு தடவை நுரை அடித்து நிறுத்தியபோது போன் வந்தது. அக்கா. பேசி முடிக்க இருபது நிமிஷம். சித்திரை வெயில் வேறு. திரும்பி வந்து பார்த்தால் கூரை முழுக்கத் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மூன்று தடவை கழுவியும் திட்டு நின்றது. கழுவாமலே விட்டிருந்தால் வெறும் புழுதியோடு போயிருக்கும்.

மண்டபத்தில் நான் கேட்ட கேள்விக்கு அந்தத் திட்டுதான் பதில் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது. சாணியும் உவர்மண்ணும் துணியில் தங்குவதற்காக ஏற்றப்பட்டவை அல்ல. வந்த வேலை முடிந்ததும் அழுக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியவை. துறையில் நிற்கிறவருக்கு எப்போது அலச வேண்டும் என்று தெரியும். எனக்குத் தெரியவில்லை, போனில் இருந்தேன். உடம்பு, பூசை, விரதம், ஏன், இந்தச் சனிக்கிழமை வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போகத் தொடங்கிய ஆறு மாதத்தில், போகாதவர்களைப் பார்த்து எனக்கு ஒரு இளக்காரம் வந்திருந்தது. காய்ந்த நுரை.

அடுத்த சனிக்கிழமை ஐயாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நுரை போயிடுச்சு, அழுக்கும் போயிடுச்சு. எங்க போச்சு?"

எங்கே போகும்? சரிவு வழியாக எதிர்வீட்டு வாசலுக்குத்தான். அந்த வீட்டம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை துடைப்பத்தோடு வந்து நின்றார். அதிலிருந்து வாசல் ஓரம் கோணி போட்டுத் தடுத்து, தண்ணீரை எங்கள் வீட்டு மண்ணுக்கே திருப்பிவிடுகிறேன். இப்போது பம்ப்பையும் இரண்டு வாளியையும் தாண்டுவதில்லை. ஒரு வாளியில் சோப்பு, ஒன்றில் கையுறையை அலசத் தண்ணீர். முடித்த பிறகு அலசின வாளியின் அடியில் பார்த்தால் விரற்கடை அளவு மணல் படிந்திருக்கும். சைவ சித்தாந்தத்தில் முத்தி நிலையிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் மடங்குகிறது. முதலில் கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவும் செய்து அழியவில்லையா என்று. அந்த வாளியைப் பார்த்த பிறகு வேறெப்படிச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. உள்ள பொருள் இல்லாமல் போகாது என்பதைத்தான் நானும் 31 வருஷம் பொருண்மை அழியா விதி என்று கரும்பலகையில் எழுதினேன்.

பானெட்டின் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. போன ஆயுத பூசைக்கு என் மனைவி வைத்த சந்தனம், குங்குமம். சந்தனம் உதிர்ந்துவிட்டது, வட்டம் மேல்பூச்சுக்குள் இறங்கிவிட்டது. பாலிஷ் போட்டால் போகும். போன ஞாயிறு டப்பாவை எடுத்தேன்.

"எதுக்குங்க அதைத் தேய்க்கிறீங்க? அது என்ன அழுக்கா?"

வாய்வரை ஒரு பதில் வந்தது. சல்லடை முனையில் ஒரு குமிழி உடைந்தது. வட்டத்தை விட்டுவிட்டு விளக்குப் பக்கம் நுரை அடிக்கத் தொடங்கினேன்.