முடத்தெங்கு

சீடன்: ஆசிரியரின் முறைகேடான நடத்தை எது, ஐயா? கண்டிப்பும் அதில் சேருமா?

குரு: கண்டிப்பைப் பெற்றோர் எதிரிலேயே செய்யலாம், தம்பி. பெற்றோர் பார்த்தால் கூசுகிற சொல்லும் தொடுகையும் முறைகேடு. சிலாங்கூர் புஞ்சாக் ஆலாமில் 2021 ஏப்ரலில் 17 வயது மாணவி ஒருவர், தம் ஆசிரியர் பாலியல் வன்கொடுமையை வகுப்பில் வேடிக்கையாகப் பேசினார் என்று டிக்டாக்கில் சொன்னார். அதன்பின் பல பள்ளி மாணவிகள் வாய் திறந்தனர். மாதவிடாய் உண்மைதானா என்று மாணவிகளைச் சோதிக்கும் வழக்கமும் அப்போது பேசுபொருளானது.

சீடன்: மாதா, பிதாவுக்கு அடுத்து குரு என்கிறோமே. அவர்மேல் புகார் சொல்வது குருத்துரோகம் ஆகாதா?

குரு: பவணந்தி முனிவர் நன்னூலில் இலக்கணம் தொடங்குமுன், ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகாதவர் யார் என்று வகுத்தார். நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் உவமை. ஆகாதவருக்கு முடத்தெங்கு ஓர் உவமை: ஒருவர் வளர்க்க, வேலி தாண்டிச் சாய்ந்து அயலானுக்குக் காய்க்கும் தென்னை. ஆக, ஆளைச் சீர்தூக்குவது மரபுக்கு உடன்பாடுதான். சட்டமும் குருவின் உயர்வை ஏற்றே எடை போடுகிறது. மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் 16ஆம் பிரிவைப் பார். பிள்ளை நம்பியிருக்கும் ஆசிரியரே குற்றம் செய்தால், அதற்குரிய தண்டனையோடு 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் கூடும்.

சீடன்: பார்த்தவர் எவரும் இல்லையென்றால்?

குரு: பிள்ளையின் சாட்சியம் ஒன்றையே கொண்டு நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க 18ஆம் பிரிவு இடம் தருகிறது. தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 19ஆம் பிரிவின்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

சீடன்: புகாரை எப்படி எழுதுவது?

குரு: நாள், நேரம், இடம் முதலில். பிறகு பிள்ளை சொன்னது, சொன்னபடியே. "சார் தோள்ல கைய வச்சாரு, எடுக்கச் சொன்னேன், எடுக்கல" என்றால் அதையே எழுது. "மானபங்கம்" என்று மாற்றினால் அது உன் சொல்லாகிவிடும். துருவித் துருவிக் கேட்காதே. அது விசாரணை அதிகாரியின் வேலை. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதே.

சீடன்: ரவாங்கில் ஒரு பெற்றோர் எந்தக் கதவைத் தட்டுவது?

குரு: தகாத பேச்சு, அவமதிப்பு என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம், அசைவில்லையென்றால் கோம்பாக் மாவட்டக் கல்வி அலுவலகம். பாலியல் குற்றம் என்றால் நேரே போலீஸ் நிலையம். தாலியான் காசே உதவி எண் 15999ஐயும் அழைக்கலாம். பள்ளியின் பெயர் கெடும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சமரசம் பேசித் தீர்க்கக் கூடாது.

சீடன்: புகார் பொய்யாக இருந்தால்?

குரு: புகார் தீர்ப்பாகாது. விசாரணை முடியும்வரை பிள்ளையை அந்த ஆசிரியரோடு தனியே விடாமல் காப்பதும், அவர் பெயரை ஊர் வாயில் போடாமல் இருப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். இரண்டும் நியாயமே.